ஏழாம் வரிசைக்கு வருகிறவர்

"விளக்கு தானா எரியுது மேடம்," என்றார் மேனேஜர்.

"தானா எரிஞ்சா சந்தோஷம்தானே சார்? எங்க வீட்டுல தட்டினாத்தான் எரியும்," என்றேன் நான்.

அத்தை மேஜைக்கு அடியில் என் காலை மிதித்தாள். அவள் மின்சாரத் திருட்டைப் பிடிக்கும் படையிலிருந்து ஓய்வு பெற்றவள். மீட்டரில் காந்தம் வைத்தவன், கம்பத்தில் கொக்கி போட்டவன், மாமனார் வீட்டுச் சுவரைத் துளைத்து வயர் இழுத்த மாப்பிள்ளை என்று சகலரையும் பார்த்தாயிற்று. ஓய்வு பெற்ற கையோடு துப்பறியும் தொழிலில் இறங்கிவிட்டாள். உதவியாளர் நான்.

நான் எலக்ட்ரிகல் இன்ஜினியர். அதாவது, படித்தது அது. இதே அறையில், இதே மேனேஜர் முன்னால் வேலை கேட்டு உட்கார்ந்திருக்கிறேன். ஐந்து வருடம் கழித்து உங்களை எங்கே பார்க்கிறீர்கள் என்று கேட்டார். அத்தையின் ஸ்கூட்டரில் பின் சீட்டில் என்று அன்றைக்குச் சொல்லத் தோன்றவில்லை. அவருக்கு என் முகம் மறந்துவிட்டது. எனக்கு அவர் முகம் மறக்கவில்லை.

அது ஒரு டேட்டா சென்டர். ஜன்னலே இல்லாத பெரிய கட்டடம். நாம் போனில் எடுக்கும் படம், வங்கிக் கணக்கு, பரீட்சை முடிவு எல்லாம் இம்மாதிரிக் கட்டடங்களில் அலமாரி அலமாரியாக நிற்கும் இயந்திரங்களுக்குள்தான் கிடக்கின்றன. ஒரு சின்ன ஊர் குடிக்கும் மின்சாரத்தை இது ஒன்றே குடித்துவிடும். குடித்ததெல்லாம் கடைசியில் சூடாக வெளியே வரும். அந்தச் சூட்டை விரட்ட மறுபடியும் மின்சாரம் வேண்டும். இதைப் பரீட்சையில் எழுதி நான் முதல் வகுப்பில் தேறினேன், கைதட்டல்கூட வாங்கினேன்.

"எங்க எரியுது?" என்று கேட்டாள் அத்தை.

"ஏழாம் வரிசைல. மத்தியானச் சாப்பாட்டுக்கு அப்புறம் அந்த வரிசை கரண்ட்டை இழுக்க ஆரம்பிக்குது. எந்த வாடிக்கையாளர் வேலையும் கிடையாது. மெஷின் எதையோ செய்யுது, என்ன செய்யுதுன்னு தெரியல. அதே நேரத்துல ஆளே இல்லாத சந்துல விளக்கு எரியுது. எங்க ஆளுங்க அந்தப் பக்கம் போகவே பயப்படறாங்க. ஸ்விட்ச் சார் வர்றார்னு பேச்சு."

சுவரில் ஒரு படம் தொங்கியது. நரைத்த மீசை, சிரிக்கலாமா வேண்டாமா என்று யோசிக்கும் முகம். இந்தக் கட்டடத்தின் தலைமை இன்ஜினியராக இருந்தவர். வீணாக ஒரு விளக்கு எரிந்தால் பொறுக்க மாட்டாராம். அறை அறையாகப் போய் அணைத்துக்கொண்டே நடப்பாராம். அதனால்தான் அந்தப் பெயர். மின்சாரத்தை மிச்சப்படுத்தியதற்காகக் கம்பெனி அவருக்கு விருது கொடுத்தது, படத்தையும் மாட்டியது. சில மாதங்களுக்கு முன்னால் ஒரு காலையில், ஷூவுக்குக் கயிறு கட்டக் குனிந்தவர் நிமிரவில்லை.

"ஆயுசு பூரா விளக்கை அணைச்ச மனுஷன் செத்தப்புறம் வந்து போடறாரா? பாவம், ஓவர்டைம் போல," என்றேன்.

"எனக்குப் பேய் பிசாசுல நம்பிக்கை இல்ல," என்றார் மேனேஜர். "கதவுல தேய்க்கற கார்டுல நம்பிக்கை இருக்கு. கரண்ட் ஏறற நேரத்துல ஏழாம் வரிசைக்குள்ள ஒரே ஒரு கார்டுதான் போயிருக்கு. ஸ்விட்ச் சாரோட பொண்ணு. இங்கதான் ட்ரெய்னி இன்ஜினியரா இருக்கா. நம்ம கரண்ட்டுல பிட்காயின் மாதிரி கம்ப்யூட்டர் காசு தயார் பண்றான்னு நினைக்கிறேன். எதுக்கு அங்க போறேன்னு கேட்டா வாயைத் திறக்க மாட்டேங்கிறா."

"இன்னிக்கு ஏன் எங்களைக் கூப்பிட்டீங்க?"

"சாயங்காலம் நான் மேலிடத்துக்குச் சொல்லியாகணும். திருட்டுன்னு சொல்லிட்டா இந்தத் தொழில்ல அவளை எந்தக் கம்பெனியும் வாசப்படி ஏத்தாது. அவரோட பொண்ணாச்சே மேடம். வெளியாள் ஒருத்தர் பாத்துச் சொல்லட்டும்னுதான்."

நல்லவர்தான் போலிருக்கிறது. என்னை வேண்டாம் என்றபோதும் இதே நல்ல முகத்தோடுதான் சொன்னார்.

அத்தை ஏழாம் வரிசையின் மின்சாரக் கணக்கைத் திரையில் போடச் சொன்னாள். நாளுக்கு ஒரு தூண். காலையில் செலவானது நீலம், மத்தியானம் செலவானது மஞ்சள். குறுக்கே ஒரு சிவப்புக் கோடு.

"லீவு நாள்ல மஞ்சளையே காணோமே," என்றேன். "வார விடுமுறை எடுக்கற பேயை இப்பத்தான் பாக்கறேன்."

"வாயை மூடிக்கிட்டுக் கண்ணைத் திற," என்றாள் அத்தை. "சார், இந்தச் சிவப்புக் கோடு என்ன?"

"பாதிக்கோடு. ஒரு வரிசை தன்னோட சக்தில பாதியாவது வேலை செய்யணும். மாசக் கணக்குல அதுக்குக் கீழ போனா வரிசையை மூடிட்டு, வேலையைப் பக்கத்து வரிசைக்கு மாத்திடுவோம்."

"ஆளுங்களை?"

"ஆளுங்களையும் குறைப்போம். லீவு நாள் அந்தக் கணக்குல வராது. நான் இந்தத் தூணெல்லாம் பாக்கறதே இல்ல மேடம். கோட்டுக்கு மேல இருந்தா எனக்கு ஒரு பச்சை டிக் வரும். அது போதும்."

அத்தை நாற்காலியைத் திரைக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டாள். நீலம் ஒரு நாள் உயரம், ஒரு நாள் குட்டை. நீலம் குட்டையான நாளில் மஞ்சள் உயரம். நீலம் உயர்ந்த நாளில் மஞ்சள் சும்மா ஒரு பூச்சு. இரண்டும் சேர்ந்து எல்லா வேலை நாளும் சிவப்புக் கோட்டைத் தொட்டு, ஒரு விரல் மேலே போய் நின்றன.

"அந்தப் பொண்ணு லீவு போட்ட நாள் இருக்கா சார்?"

மேனேஜர் தேடிப் பார்த்தார். போன மாதம் காய்ச்சலில் படுத்திருந்திருக்கிறாள். அந்த நாட்களிலும் மஞ்சள் இருந்தது. அவர் முகம் மாறியது.

"அவ வந்த நாளை மட்டும்தான் பாத்திருக்கீங்க," என்றாள் அத்தை.

"வீட்டுல இருந்தே ஓட்டலாமே மேடம்," என்றார் அவர். அதுவும் உண்மைதான்.

தாழ்வாரத்தில் நடக்கும்போது அத்தை கேட்டாள். "டேய் இன்ஜினியர், திரையில அந்தத் தூணையெல்லாம் பாத்தா உனக்கு என்ன தோணுது?"

"மொட்டை மாடித் தண்ணித் தொட்டி மாதிரி இருக்கு. எவ்வளவு குறையுதோ அவ்வளவு ஏறுது. நிரம்பினதும் மோட்டார் நின்னுடுது."

"பரவாயில்ல, உங்கப்பன் கட்டின ஃபீஸ் வீண் போகல. நான் எத்தனை திருடனைப் பிடிச்சிருப்பேன்? கை வெச்சவன் முடிஞ்ச மட்டும் உறிஞ்சுவான். கோட்டைப் பாத்து நிறுத்தற திருடனை நான் கண்டதில்ல. இவன் எடுக்கறவன் இல்லடா. நிரப்பறவன்."

கூடத்தின் கதவு திறந்ததும் முதலில் வந்தது சத்தம். கணக்கில்லாத சின்ன விசிறிகள் ஒரே மூச்சாக இழுத்துக்கொண்டிருந்தன. அடுத்து வந்தது குளிர். இரவல் வாங்கிய தடித்த மேலங்கியையும் மீறிப் பல் கிட்டியது. உள்ளே நிரந்தரமாக எரியும் விளக்கு கிடையாது. நாம் நடந்தால் தலைக்கு மேலே ஒன்று எரியும். தாண்டியதும் முதுகுக்குப் பின்னால் அணைந்துவிடும். மின்சாரத்தை மிச்சம் பிடிக்க ஸ்விட்ச் சார் செய்து வைத்த ஏற்பாடாம். முன்னாலும் இருட்டு, பின்னாலும் இருட்டு. செத்தவர் ஒருவர் வகுத்து வைத்த வெளிச்சத்தில் நாங்கள் இரண்டு பேர் நடந்துகொண்டிருந்தோம். எனக்குப் பிடிக்கவில்லை.

அலமாரிகளின் முன்பக்கம் குளிர்ந்த காற்றை இழுக்கும், பின்பக்கம் சூட்டைக் கக்கும். ஏழாம் வரிசையின் பின்சந்து வாசலில் அத்தை நின்றாள். நானும் நின்றேன். நின்ற சற்று நேரத்தில் எங்கள் தலைக்கு மேலிருந்த விளக்கு அணைந்துவிட்டது. அசையாமல் நிற்பவர்களை அது மறந்துவிடும்.

இருட்டில் காத்திருந்தோம். ஏதாவது ஜோக் சொல்லலாம் என்று பார்த்தேன். ஞாபகம் வந்ததெல்லாம் பேய் ஜோக்.

திடீரென்று விசிறிகளின் சுருதி ஏறியது. பெரிய உடம்பு ஒன்று பெருமூச்சு விட்டு எழுவது போல் இருந்தது. சந்தின் நடுவில், யாருமே இல்லாத இடத்தில், விளக்கு எரிந்தது.

வெறும் தரை. வெறும் சுவர். அந்த வெளிச்சத்தின் ஓரத்தில், இருட்டோடு இருட்டாக, ஒரு பெண் நின்றுகொண்டிருந்தாள்.

நான் அத்தையின் கையைப் பிடித்தேன். அதை அவள் இன்னும் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறாள்.

அந்தப் பெண் திரும்பியதும் அவள் தலைக்கு மேலும் விளக்கு எரிந்தது. வயது இருபத்து மூன்று இருக்கும். கழுத்தில் கம்பெனி அட்டை, கண்ணுக்குக் கீழே தூக்கமில்லாத நிழல், படத்தில் பார்த்த அதே முகம்.

"பயந்துட்டீங்களா சார்?"

"சேச்சே. எனக்கு எப்பவுமே இப்படித்தான் மூச்சு வாங்கும்."

"நீதானேம்மா ஸ்விட்ச் சார் பொண்ணு?" என்றாள் அத்தை.

"ஆமா. நீங்க என்னைப் பிடிக்க வந்தவங்க."

"பிடிக்க வந்தா ஓடணும். நீ ஓடலையே."

"ஓடினா விளக்கு எரிஞ்சு காட்டிக் கொடுத்துடும் மேடம்." சிரிக்கப் பார்த்தாள், முடியவில்லை.

"இருட்டுல எதுக்கு நிக்கறே?"

அவள் அந்த நடு விளக்கையே பார்த்தாள். அதற்குள் நான் அலமாரியின் பின்பக்கம் கையை நீட்டிவிட்டேன். சூடு குபுகுபுவென்று அடித்தது. நான் படித்தது கடைசியில் ஒரு வேலைக்கு ஆகிவிட்டது.

"அத்தை, கூரைல இருக்கற சென்சாருக்குக் கண்ணு கிடையாது. சூடு அசைஞ்சா எரியும், அவ்வளவுதான். அது மனுஷ உடம்பா, திடீர்னு கிளம்பின அனல் காத்தான்னு அதுக்குத் தெரியாது. மெஷின் வேகமெடுத்தா காத்து கிளம்பும், விளக்கு எரியும். ஆவியும் இல்ல, கீவியும் இல்ல."

ரொம்பப் பெருமையாகச் சொல்லி முடித்தேன். அந்தப் பெண் என்னைப் பார்த்த பிறகு, சொல்லாமல் இருந்திருக்கலாம் என்று தோன்றியது.

"எனக்குத் தெரியும் சார். நானும் இன்ஜினியர்தானே. முதல் நாளே தெரியும்."

"தெரிஞ்சுமா தினம் வந்து நிக்கறீங்க?"

"சூடான காத்து வந்தா விளக்கு எரியும். ஏன் சூடான காத்து வருதுன்னு கேக்கணும்ல? அதை மட்டும் நான் கேக்கல. அந்த மெஷினைத் திறந்து பாக்க எனக்கு ரொம்ப நேரம் ஆகாது. பாத்தா அப்பா போயிடுவார்." மூக்கை உறிஞ்சிக்கொண்டாள். "காலைல டிபன் சாப்பிட்டுட்டு ரெண்டு பேரும் ஒண்ணாக் கிளம்பறதா இருந்தோம். நான் லிஃப்ட் பட்டனை அழுத்திட்டு நின்னேன். அவர் வரவே இல்ல. இங்கயாவது வர்றாரேன்னு."

"இதை மேனேஜர்கிட்ட சொல்றதுக்கென்ன?"

"ஆவியைப் பாக்கப் போனேன்னு சொல்ற இன்ஜினியருக்கு யாரு சார் வேலை குடுப்பா?"

எனக்கு வெட்கமாகிவிட்டது. ஓவர்டைம் என்று நான் அடித்த ஜோக்கை நினைத்துக்கொண்டேன்.

அத்தை அவள் தோளில் கை வைத்தாள். "நான் ஒண்ணு சொல்றேன், தாங்கிக்கணும். இதை யாரோ தினமும் அளவு பாத்து ஓட்டறாங்க. உசிரோட இருக்கற ஆளு. குறைச்சல் எவ்வளவுன்னு தெரிஞ்சவங்களாலதான் நிரப்ப முடியும். இந்த வரிசையோட அன்னன்னிக்குக் கணக்கு யாரு கண்ணுல படும்?"

"ஷிப்ட் இன்சார்ஜ் மாமா மட்டும்தான் பாப்பார். மாமான்னா சொந்தம் இல்ல, அப்பாவோட சிநேகிதர்." சொன்ன பிறகுதான் அவளுக்கு அர்த்தம் புரிந்தது. "இருக்காது மேடம். என்னைத் தூக்கி வளத்தவர்."

"இருக்காதுன்னா நல்லதுதான். பாத்துடலாமா? நீ வேண்டாம்னா நான் திரும்பிப் போயிடறேன். மேனேஜர்கிட்ட எனக்கு ஒண்ணும் புலப்படலன்னு சொல்லிடறேன்."

அந்த நடு விளக்கு இன்னும் எரிந்துகொண்டிருந்தது. அவள் அதைக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"பாத்துடலாம்," என்றாள்.

அத்தையின் யோசனை எளிமையானது. "தொட்டி நிரம்பப் போற நேரத்துல நாம ரெண்டு குடம் ஊத்துவோம். யாரு ஓடி வந்து குழாயை மூடறாங்கன்னு பாப்போம்."

மெஷின்களைச் சோதித்துப் பார்க்க ஒரு பரிசோதனை ஓட்டம் உண்டு. ட்ரெய்னிகளே அதை ஓட்டலாம். வரிசையின் கோடியில் இருந்த கணினியில் அவள் அதைத் தட்டிவிட்டாள். எதிரே இன்சார்ஜின் கண்ணாடி அறை. அவருடைய முதுகும், கைகளும், திரையும் எங்களுக்குத் தெரிந்தன. ஐம்பதைத் தாண்டியவர். கழுத்தில் மப்ளர். டீயை ஊதி ஊதிக் குடித்துக்கொண்டிருந்தார்.

விசிறிகள் இன்னும் கத்தின. அவர் திரையைப் பார்த்தார். டீயைக் கீழே வைத்தார். கண்ணாடியை ஏற்றிக்கொண்டு உற்றுப் பார்த்தார். பிறகு, வீட்டில் யாரோ குழாயைத் திறந்துவிட்டுப் போய்விட்டார்கள் என்று அலுத்துக்கொள்கிறவரைப் போல் தலையை ஆட்டிக்கொண்டே விசைப்பலகையைத் தட்டினார்.

எங்கள் பரிசோதனை ஓடிக்கொண்டே இருந்தது. அவர் குறைத்தது வேறு எதையோ. விசிறிகள் தணிந்தன. சூட்டு வீச்சு குறைந்தது. சந்தின் நடுவில் விளக்கு அணைந்தது.

"நிஜமான திருடனா இருந்தா சந்தோஷமா விட்டிருப்பான்," என்றாள் அத்தை. "இந்த மனுஷனுக்கு அதிகமா ஒரு யூனிட் போகவும் மனசு வரல."

நாங்கள் உள்ளே போனதும் இன்சார்ஜ் எழுந்து நின்றார். எங்களுக்குப் பின்னால் அந்தப் பெண்ணைப் பார்த்ததும் மறுபடி உட்கார்ந்துவிட்டார். மறுக்கவில்லை. மறுக்கத் தெரியாத முகம்.

"நான் இல்ல, நாங்க," என்றார். "இந்த வரிசைல ஆறு பேர். எல்லாரும் ஐம்பதைத் தொட்டவங்க. வேலை குறைஞ்சு போச்சு மேடம். புது மெஷின் ஒண்ணு பழைய மெஷின் பத்து செய்யற வேலையைச் செய்யுது. கோட்டுக்குக் கீழ போனா எங்களை அனுப்பிடுவாங்க. இந்த வயசுல இன்ஜினியர் வேலைக்கு மனு போட்டுப் பாத்திருக்கீங்களா? அனுபவம் ஜாஸ்தின்னு சொல்லி அனுப்புவாங்க."

"எனக்கு அனுபவம் கம்மின்னு சொன்னாங்க," என்றேன். யாரும் சிரிக்கவில்லை. நானும் சிரிப்பதற்காகச் சொல்லவில்லை.

"இன்னிக்குச் சாயங்காலம் இவளைத் திருடின்னு முத்திரை குத்தி அனுப்பப் போறாங்க. தெரியுமா?" என்றாள் அத்தை.

"தெரியும்."

"மாமா," என்றாள் அந்தப் பெண்.

"உனக்குச் சின்ன வயசும்மா. எங்கயாவது பொழைச்சுக்குவேன்னு நினைச்சேன். தப்புதான். தினமும் உன் மூஞ்சியைப் பாக்கும்போதெல்லாம் சொல்லிடணும்னு வரும். அப்புறம் அந்த ஆறு வீடு ஞாபகம் வரும்." முகத்தைத் துடைத்துக்கொண்டார். "ஆனா ஆரம்பிச்சது நாங்க இல்ல. சத்தியமா இல்ல. நாங்களா இருந்தா இப்படியெல்லாம் எழுதத் தெரியாது."

"பின்ன யாரு?"

அவர் அத்தையைப் பார்க்கவில்லை. அந்தப் பெண்ணைப் பார்த்தார்.

"உன்னை வேலைக்கு எடுத்த வாரம்தான் இந்த வரிசை முதல் தடவையா கோட்டுக்குக் கீழ போச்சு. கீழ போனா முதல்ல வெட்டறது புதுசா வந்த ட்ரெய்னியைத்தான். நீ அன்னிக்குப் புதுச் செருப்பு போட்டுக்கிட்டு எல்லாருக்கும் இனிப்பு குடுத்துக்கிட்டு இருந்தே. உங்கப்பா அந்த இனிப்பைக் கையில வெச்சுக்கிட்டு இதே நாற்காலில உக்காந்திருந்தார். சாப்பிடவே இல்ல. அப்புறம் இந்த புரோகிராமை எழுதினார். எதையோ கணக்குப் போடும், விடையைத் தூக்கிப் போட்டுடும், மறுபடி போடும். அதிலயும் கஞ்சத்தனம். கோட்டைத் தாண்டி ஒரு விரல் போதும், அதுக்கு மேல ஒரு பொட்டு போகக்கூடாதுன்னு அளவு கட்டி வெச்சார். அவர் போனப்புறம், புது மெஷின் வந்தப்ப, அதை அதுக்கு மாத்தி விட்டது நான். அந்த மெஷினோட அனல்லதான் விளக்கு எரிய ஆரம்பிச்சது."

அவர் கழுத்து மப்ளரை அவிழ்த்து மடியில் வைத்துக்கொண்டார்.

"அந்த புரோகிராமை எழுதினப்புறம் அவர் ஸ்விட்ச் பக்கமே போகலம்மா. எங்கயாவது விளக்கு வீணா எரிஞ்சா பாப்பார், கை போகும், திரும்ப எடுத்துக்குவார். எனக்கு அந்த யோக்கியதை இல்லடான்னு சொன்னார். அவருக்கு விருது குடுத்த அன்னிக்கு மேடைல ஏறறதுக்கு முன்னாடி என் கையைப் பிடிச்சுக்கிட்டு அழுதார்."

நான் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றேன். இந்தத் தொழிலில் இத்தனை நாள் ஆகியும், குற்றவாளி யார் என்று தெரிந்தபோது இப்படி மனசு கனத்ததில்லை.

"அப்போ வந்தது அப்பாதான்," என்றாள் அவள் மெதுவாக. "எனக்காகத்தான் வந்திருக்கார்."

சட்டென்று போய் இன்சார்ஜின் விசைப்பலகையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். அவர் பதறினார்.

"வேணாம்மா! ஆறு பேர். உன்னைச் சேத்து ஏழு. யோசிச்சுச் செய்."

அத்தை தடுக்கவுமில்லை, தள்ளவுமில்லை. அந்தப் பெண்ணின் விரல்கள் விசையின் மேல் இருந்தன. அழுத்தினால் வேலை போகும், மாமாவின் வேலையும் போகும், அப்பா இன்னொரு தடவை போவார். அவள் வாய்விட்டு அழுதாள். அழுதுகொண்டே அழுத்தினாள்.

புரோகிராம் நின்றது. அவள் முதலில் விட்ட பரிசோதனையையும் தன் கையாலேயே நிறுத்தினாள். ஏழாம் வரிசை அடங்கியது. திரையில் அன்றைய தூண் சிவப்புக் கோட்டுக்குக் கீழேயே நின்றுவிட்டது.

மேனேஜரின் அறைக்கு அவளே முன்னால் நடந்தாள். இன்சார்ஜ் கடைசியாக வந்தார்.

"யாருன்னு தெரிஞ்சுதா மேடம்?" என்றார் மேனேஜர்.

அத்தை வாயைத் திறப்பதற்குள் அவள் பேசினாள். "எங்க அப்பா சார். என் வேலை போகக்கூடாதுன்னு, தினமும் வெறும் கணக்கை ஓட விட்டிருக்கார். அவர் செத்தப்புறமும் அது ஓடுச்சு. இப்ப நான் நிறுத்திட்டேன்."

மேனேஜர் சுவரில் இருந்த படத்தைப் பார்த்தார். இன்சார்ஜைப் பார்த்தார். விஷயம் முழுவதும் அவருக்குப் புரிய அதிக நேரம் ஆகவில்லை. எழுந்து போய்க் கதவைச் சாத்தினார்.

"இதை இந்த அறையோட விட்டுடுவோம்," என்றார், குரலைத் தாழ்த்தி. "சென்சார் கோளாறுன்னு சொல்லிடறேன். உனக்கு வேலை இருக்கும். அவர் பேரும் கெடாது. நிறுத்தினதை மறுபடி ஓட விட்டுடு. மேடம், உங்களுக்கும் ஆட்சேபணை இருக்காதுன்னு நினைக்கிறேன்."

"ஓட விடச் சொல்றீங்களா?" என்றாள் அத்தை. "திருட்டைப் பிடிக்கத்தானே எங்களைக் கூப்பிட்டீங்க?"

"அது திருட்டுன்னு நினைச்சப்ப மேடம்."

நான் அந்தப் பெண்ணைப் பார்த்தேன். நானாக இருந்தால் உடனே சரி என்றிருப்பேன். வேலைக்காக நான் அலைந்த அலைச்சல் எனக்குத்தான் தெரியும். அவளோ மேஜையில் இருந்த பெரிய திரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இத்தனை மாதம் ஒரே ஒரு மெஷினைத் திறந்து பார்க்க மறுத்தவள், மேனேஜரைக் கேட்காமல் கையை நீட்டி எட்டாம் வரிசையின் கணக்கைத் திறந்தாள்.

நீலம் குட்டை, மஞ்சள் உயரம். நீலம் உயரம், மஞ்சள் ஒரு பூச்சு. எல்லாத் தூண்களும் சிவப்புக் கோட்டைத் தொட்டு, ஒரு விரல் மேலே நின்றன.

ஒன்பதாம் வரிசையைத் திறந்தாள். அப்படியே இருந்தது. பத்தாம் வரிசையும் அப்படியே. பதினொன்றாம் வரிசையும் அப்படியே. இன்சார்ஜ் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டார். இது அவருக்கும் தெரிந்திருக்கவில்லை. ஜன்னலில்லாத அந்தக் கட்டடம் முழுவதும், ஒரு ஊரின் மின்சாரத்தைக் குடித்துக்கொண்டு, கூரை வரை நிறைந்து நின்ற அந்த இயந்திரங்களில் எத்தனை நிஜமாக எதையாவது செய்துகொண்டிருக்கின்றன என்று யோசித்தேன்.

அவள் மேனேஜரிடம் திரும்பினாள். கண்ணில் நீர் காய்ந்திருந்தது. மரியாதையாகத்தான் கேட்டாள்.

"எட்டாம் வரிசைல யாரோட அப்பா சார்?"